இடைச்செருகலும் வாராத வழிநூலும்: ‘பியாண்ட் குட் அண்ட் ஈவில்’ காணொளி விளையாட்டின் மறுபதிப்பு குறித்த பதிப்பியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பியாண்ட் குட் அண்ட் ஈவில்’ என்னும் காணொளி விளையாட்டு, 2011இலும் 2024இலும் செம்மை செய்யப்பட்டு மீண்டும் வெளிவந்தது. இதன் தொடர்ச்சி 2008இல் முன்னோட்டமாகக் காட்டப்பட்டும் இன்னும் முழுமை பெற்று வெளிவரவில்லை. 2024ஆம் ஆண்டுப் பதிப்பு, மூலத்தில் இல்லாத ஒரு பகுதியைச் சேர்த்து, வாராத தொடர்ச்சியோடு மூலத்தைப் பிணைக்கின்றது. இச்சேர்க்கையைத் தமிழ்ப் பதிப்பியல் வழங்கும் இடைச்செருகல், மிகைப்பாடல், வழிநூல் ஆகிய கருத்தாக்கங்களின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: பதிப்பியல், இடைச்செருகல், வழிநூல், மீள்செம்மையாக்கம், காணொளி விளையாட்டு, எதிர்பார்ப்பு

முன்னுரை

ஒரு நூலைப் பதிப்பித்தல் என்பது அதனை அச்சேற்றுதல் மட்டும் அன்று. எது நூல், எது நூலன்று என வரையறுத்தலும் ஆகும். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்த உ. வே. சாமிநாதையர் முதலாகத் தமிழ்ப் பதிப்பாசிரியர் பலரும் இவ்வரையறையைத் தம் முதற்கடமையாகக் கொண்டனர். அச்சுக்கு வெளியே பிறந்து, கணினி நிரலாகவே வாழும் கதைப் படைப்புகளுக்கு இக்கடமையை யார் ஆற்றுவது என்னும் வினா இன்று எழுந்துள்ளது.

காணொளி விளையாட்டுகளைத் தமிழாய்வு பெரிதும் பொழுதுபோக்கின் பாற்படுத்தி ஒதுக்கியே வந்துள்ளது. டொராண்டோவைச் சார்ந்த விசை கேம்ஸ் குழுவினர் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றன் கதையைச் சொல்வது. தாயின் சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து நிரப்புவதே அதில் ஆடுநர்க்கு இடப்பட்ட பணி. சிதைந்த ஏட்டை மீட்டல் என்னும் பதிப்பாசிரியர் தொழிலையே அவ்விளையாட்டு தன் விதியாக்கிக் கொண்டது எனலாம். எனினும் இக்கட்டுரையின் பொருள் அதுவன்று. ஒரு விளையாட்டே ஏடாகி, அவ்வேட்டைப் பதிப்பிப்போரே அதில் புதுவரி எழுதிச் சேர்க்கும் நிகழ்வே இங்கு ஆய்வுப்பொருள்.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகின்றது. வணிக வழக்கில் ‘ரீமாஸ்டர்’ எனப்படுவது, பழைய படைப்பின் கட்டமைப்பை மாற்றாமல் படத்துல்லியம், ஒலி, இயக்கம் ஆகியவற்றை இன்றைய கருவிகளுக்கேற்ப உயர்த்துவது. ‘ரீமேக்’ என்பது கதையையும் களத்தையும் வைத்துக்கொண்டு படைப்பை அடியிலிருந்து மீண்டும் கட்டுவது. முன்னதை மீள்செம்மையாக்கம் என்றும் பின்னதை மறு உருவாக்கம் என்றும் இக்கட்டுரை வழங்கும். முன்னது மறுபதிப்பை ஒத்தது. பின்னது தொல்காப்பிய மரபியலும் நன்னூற் பாயிரமும் வழிநூல் என வகுப்பதற்கு அணித்தானது. இரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை வணிக விளம்பரங்களில் தெளிவாகத் தோன்றினும் படைப்புகளில் அவ்வளவு தெளிவாக இல்லை என்பதற்கு ஈண்டு ஆராயப்படும் படைப்பே சான்று.

மூலப் பனுவல்

‘ரேமேன்’ என்னும் விளையாட்டால் 1995 முதல் அறியப்பட்ட மிஷெல் ஆன்செல் என்பாரின் தலைமையில், தென்பிரான்சின் மொன்பெலியே நகரிலுள்ள யூபிசாஃப்ட் கூடத்தில் உருவானது ‘பியாண்ட் குட் அண்ட் ஈவில்’. நீட்சேயின் நூலொன்றன் பெயரைத் தலைப்பாகக் கொண்ட இப்படைப்பு 2003 நவம்பரில் வெளிவந்தது. திறனாய்வாளர் பலர் போற்றினர். வாங்குவோர் போதிய அளவில் இல்லை. விற்பனையில் தோற்ற ஒரு படைப்பு இருபது ஆண்டுகளாகப் பேசப்படுவதும், அதன் தொடர்ச்சிக்கு மக்கள் காத்திருப்பதும் இத்துறையில் அரிது.

கதைக்களம் ஹில்லிஸ் என்னும் கோள். ‘டாம்ஸ்’ எனப்படும் வேற்றுக்கோள் உயிர்கள் அதனை இடைவிடாது தாக்குகின்றன. மக்களைக் காப்பதாகக் கூறும் ஆல்ஃபா படைப்பிரிவு ஊர்தோறும் நிற்கின்றது. அதன் புகழைச் செய்தித்திரைகள் ஓயாது ஒலிக்கின்றன. கலங்கரை விளக்கமொன்றில் பெற்றோரை இழந்த குழந்தைகளை வளர்த்துவரும் ஜேட் என்னும் இளம்பெண் கதைத்தலைவி. தொழிலால் புகைப்படச் செய்தியாளர். பன்றி முகமும் மனித உடலும் கொண்ட பேய்ஜ் என்பார் அவளுக்கு மாமன் முறையினர். ஐரிஸ் என்னும் மறைமுக வலையமைப்பு, ஆல்ஃபா படைப்பிரிவே டாம்ஸுடன் கூட்டுச் சேர்ந்து மக்களைக் கடத்துகின்றது என்பதை மெய்ப்பிக்கும் படங்களை எடுத்துத்தருமாறு அவளை வேண்டுகின்றது. சத்து மாத்திரைத் தொழிற்சாலை, இறைச்சிக் கூடம், செலீன் என்னும் நிலவு என மூன்று இடங்களில் அவள் சான்று தேடுகின்றாள்.

இப்படைப்பின் சிறப்பு போரில் இல்லை. தொடக்கத்தில் ஜேட் வீட்டுப் பாதுகாப்புக் கவசம் செயலிழக்கின்றது; காரணம் பகைவரின் வலிமையன்று, மின்கட்டணம் செலுத்தப் பணம் இல்லாமை. அப்பணத்தை ஈட்டவே அவள் கோளின் உயிரினங்களைப் படமெடுத்து அறிவியல் நிலையத்திற்கு விற்கத் தொடங்குகின்றாள். வறுமை ஒரு வீரகதையின் முதல் இயக்குவிசையாக அமைவது குறிப்பிடத்தக்கது. மேலும், அவள் எடுத்த படங்கள் வெளியானபின் நகரத் தெருக்களில் மக்கள் மனநிலை படிப்படியாக மாறுகின்றது. முன்னர் அஞ்சி நடந்தவர்கள் பின்னர்க் கூடி முழக்கமிடுகின்றனர். ஆடுநர் செய்த செயலின் விளைவு, மதிப்பெண்ணாக அன்றி, ஊரின் பேச்சாக அவர்க்கே திரும்பி வருகின்றது.

கதையின் இரு இடங்கள் இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை. ஒன்று, இறுதியில் டாம்ஸ் தலைமைக் குரு ஜேட்டை ‘ஷௌனி’ என விளித்து, டாம்ஸின் ஆற்றல் அவளுள் மறைக்கப்பட்டுள்ளது எனக் கூறுமிடம். அவள் யார், எங்கிருந்து வந்தாள் என்பதற்கு மேல்விளக்கம் ஏதும் படைப்பில் இல்லை. மற்றொன்று, பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தபின் வரும் சிறுகாட்சி. மீண்டு உயிர்பெற்ற பேய்ஜின் கையில் டாம்ஸ் வித்து முளைத்திருப்பதை அது காட்டுகின்றது. முன்னது கதைக்குப் பின்னோக்கிய திறப்பு. பின்னது முன்னோக்கிய திறப்பு. வாசகர் நிரப்பவேண்டிய வெற்றிடங்களாலேயே பனுவல் இயங்குகின்றது என்பார் வுல்ஃப்காங் ஈசர். இப்பனுவலின் வெற்றிடங்கள் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் திறந்திருக்கின்றன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்று பதிப்புகள்

2003ஆம் ஆண்டு வடிவமே ஆசிரியர் மனத்தில் முதலில் தோன்றிய வடிவம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. 2002இல் வணிகக் கண்காட்சியில் காட்டப்பட்ட முன்வடிவம், பரந்து திரியும் விளையாட்டாக அமைந்திருந்தது. அதன்பின் களம் சுருக்கப்பட்டது, ஜேட்டின் தோற்றமும் மாற்றப்பட்டது. எனினும் மக்கள் கையிற் சேர்ந்து, விளையாடப்பட்டு, விவாதிக்கப்பட்ட முதல்வடிவம் 2003க்கு உரியது என்பதால் அதனையே மூலபாடமாகக் கொள்ளலாம்.

2011இல் யூபிசாஃப்டின் ஷாங்காய் கூடம் உருவாக்கிய உயர்துல்லியப் பதிப்பு வெளிவந்தது. உருவங்களின் மேற்பரப்பும் படத்துல்லியமும் உயர்த்தப்பட்டன. கதைக்கு உட்பட்ட எதுவும் சேர்க்கப்படவில்லை. தமிழ்ப் பதிப்புலகில் எழுத்துருவும் தாளும் மாற்றி வெளியிடும் மறுபதிப்புக்கு இது நிகர் எனக் கூறி மேலே செல்லலாம்.

2024 சூன் 25 அன்று வெளியான இருபதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு அத்தகையதன்று. 4கே துல்லியத்திலும் நொடிக்கு 60 சட்டகங்கள் வரையிலும் இயங்கும் இப்பதிப்பில், கிறிஸ்டோஃப் எரால் அமைத்த இசை மீண்டும் பதிவு செய்யப்பட்டது. உருவாக்க வரலாற்றைக் காட்டும் காட்சிக்கூடம் ஒன்று இணைக்கப்பட்டது. தானியங்குச் சேமிப்பு முறை வந்தது. விரைந்து ஆடி முடிப்போர்க்கெனத் தனிமுறை வகுக்கப்பட்டது. இவற்றோடு, ஹில்லிஸ் முழுதும் பரவிய புதிய புதையல் வேட்டை ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஜேட்டின் கடந்தகாலத்தைப் பற்றிய செய்திகளையும், வரவிருக்கும் தொடர்ச்சியோடு அவளுக்குள்ள பிணைப்பையும் அது வெளிப்படுத்தும் என்பது நிறுவனத்தார் அறிவித்த நோக்கம்.

இம்மாற்றங்களை ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் இயலாது. படத்துல்லியம் உயர்வதில் இழப்பே இல்லை என்று கூறவும் முடியாது. 2003இல் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை எதிர்மின்கதிர்க் குழாய்த் தொலைக்காட்சிகள். அவற்றின் மங்கலையும் உட்கொண்டே அக்கால ஓவியர்கள் வரைந்தனர். தெளிவான திரையில் அவ்வோவியம் எளிமையின் அழகை இழந்து வறுமையாகத் தோன்றுவதுண்டு. ஓலைச்சுவடியில் புள்ளியின்றி எழுதப்பட்டதைப் புள்ளியிட்டு அச்சேற்றும்போது படிப்பவர்க்கு எளிமையும் பாடத்திற்கு ஒரு முடிவும் ஒருங்கே வந்துசேர்வதை இதனோடு ஒப்பிடலாம். ஆயினும் இது பதிப்பாசிரியர் தவிர்க்கவியலாத மாற்றம்.

சேமிப்பு முறை மாற்றம் இன்னும் சற்று ஆழமானது. மூலத்தில் ஆட்டநிலையைச் சேமிக்க, களத்தில் ஆங்காங்கே நிற்கும் வட்டுப்படிப்பான்களை அணுகுதல் வேண்டும். கடிதங்களையும் அறிக்கைகளையும் ஜேட் படிப்பதும் அதே கருவியில்தான். அதாவது, ஆடுநரின் நினைவும் கதைமாந்தரின் ஆவணமும் ஒரே பெட்டியில் தங்கின. ஒரு செய்தியாளரின் கதையில் இவ்வமைப்பு தற்செயலானது எனக் கருத இடமில்லை. தானியங்குச் சேமிப்பு வந்தபின் கருவி காட்சியில் எஞ்சினும் அதனை நாடிச்செல்லும் தேவை குறைந்துவிடுகின்றது. வசதியின் பெயரால் நிகழும் இத்தகைய சிறு தேய்வுகளை எவரும் குறித்து வைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

புதையல் வேட்டையும் இடைச்செருகலும்

இனி, சேர்க்கப்பட்ட பகுதி. கம்பராமாயணத்தில் கம்பர் வாக்கல்ல எனக் கருதப்பட்ட செய்யுட்கள் பல. வெள்ளியம்பலவாணத் தம்பிரான் பெயரோடு இணைத்து ‘வெள்ளிப்பாடல்கள்’ எனச் சுட்டப்படுவனவும் உண்டு. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் ஐயத்திற்கிடமான பாடல்களை அழித்துவிடவில்லை. மிகைப்பாடல்கள் எனத் தலைப்பிட்டுத் தனியே பிரித்துத் தந்தனர். படிப்போர் இரண்டையும் காணலாம். எது எங்கே நிற்கின்றது என்பதும் விளங்கும். பதிப்பறம் என்பது சேர்க்கையை மறுப்பதில் அன்று, சேர்க்கையைச் சேர்க்கை என அடையாளமிடுவதில் அமைகின்றது.

2024ஆம் ஆண்டுப் பதிப்பின் புதையல் வேட்டை மூலக்களத்தின் உள்ளேயே அமைந்துள்ளது. அது தனி இயலாகப் பின்னிணைப்பில் வைக்கப்படவில்லை. முதன்முறையாக இப்பதிப்பின்வழியே ஹில்லிஸுக்குள் நுழையும் ஒருவர், 2003க்கு உரிய பொருளையும் 2024க்கு உரிய பொருளையும் ஒரே நடையில் எடுத்துச் செல்வார். விளம்பரத்தைப் படித்தவர்க்கு வேறுபாடு தெரியும். விளம்பரம் மறக்கப்பட்டபின் வருவோர்க்குத் தெரிய வாய்ப்பில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழும். இடைச்செருகல் செய்தோர் பிறர் நூலில் கைவைத்தவர்கள். இங்கோ படைப்பின் உரிமையாளரே, மூலம் பிறந்த அதே மொன்பெலியே கூடத்தின் பங்களிப்போடு, தம் படைப்பை விரித்துள்ளனர். இதனை ஆசிரியர் திருத்தம் என்னாது இடைச்செருகல் என்னலாமா? இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. பாரதிதாசன் போன்றோர் தம் படைப்பைத் தாமே பிற்பதிப்பில் திருத்தினால் அது ஆசிரியர் பாடம் எனவே மதிக்கப்படும். ஆனால் இங்கு ஆசிரியர் யார்? மிஷெல் ஆன்செல் 2020 செப்டம்பரில் காணொளி விளையாட்டுத் துறையை விட்டே விலகி, காட்டுயிர்ப் பாதுகாப்புப் பணிக்குச் செல்வதாக அறிவித்தார். இசையமைப்பாளர் மீண்டும் வந்தார். கதையை வழிநடத்தியவர் இல்லை. நிறுவனம் என்னும் சட்ட ஆளுமை தொடர்கின்றது. படைத்த மனிதர்கள் மாறிவிட்டனர். கூட்டாகப் படைக்கப்படும் கலையில் ஆசிரியத்துவம் ஒருவர்க்கே உரியதன்று என்பது உண்மை. எனினும் அக்கூட்டும் காலத்தால் கலைந்து வேறாகின்றது என்பதும் உண்மையே.

அன்றியும், பதிப்பியல் எழுப்பும் முதல்வினா உரிமை பற்றியதன்று, காலம் பற்றியது. சேர்த்தவர் சேர்க்கத் தகுதியுடையவரா என்பதற்கு முன்னர், எப்போது சேர்க்கப்பட்டது, எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பனவே கேட்கப்படும். இவ்விரண்டிற்கும் விடை தெளிவு. 2003இல் ஜேட்டின் பிறப்பு மௌனமாக விடப்பட்டது. ‘ஷௌனி’ என்ற விளி, விடையாக அன்றி அதிர்வாகவே நின்றது. அம்மௌனத்திற்குக் கலைப்பயனும் உண்டு. பிறர் மறைத்த உண்மைகளை வெளிக்கொணரும் செய்தியாளர், தன்னைப்பற்றிய உண்மையை மட்டும் அறியாதவளாக நிற்கின்றாள். அம்முரண் கதையின் நடுநரம்பு. 2024இல் அம்மௌனத்தின் அருகே புதிய ஆவணங்கள் வைக்கப்பட்டுள்ளன. அவை மூலக்கதையின் தேவையால் எழுந்தவையல்ல. இன்னும் எழுதி முடிக்கப்படாத வேறொரு கதையின் தேவையால் எழுந்தவை.

சிலப்பதிகார நூற்கட்டுரையோடு ஓர் ஒப்பீடு

ஒரு நூல் தன் எல்லையில் நின்று மற்றொரு நூலைச் சுட்டுவது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இறுதியில் நிற்கும் நூற்கட்டுரை, அக்காப்பியத்தின் உரைப்பொருள் மணிமேகலையில் சென்று முற்றுவதாகக் கூறி முடிகின்றது. இரட்டைக் காப்பியம் என்ற வழக்குக்கு அது வலிய சான்றாக எடுத்துக்காட்டப்பெறும். அப்பகுதி இளங்கோவடிகள் வாக்கோ, இரு காப்பியங்களையும் இணைக்க விரும்பிய பின்னோர் சேர்த்ததோ என்னும் ஐயமும் ஆய்வுலகில் எழுப்பப்பட்டதுண்டு. பதிகம், உரைபெறு கட்டுரை ஆகியன குறித்தும் இத்தகைய விவாதம் நிகழ்ந்துள்ளது.

அவ்வையத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒப்பீட்டுக்கு வேண்டுவது, அங்கே காணப்படும் அமைப்பு. இணைப்புக் கூற்று நூலின் புறவாயிலில், கதை முடிந்தபின் நிற்கின்றது; கண்ணகியின் கதைக்குள் புகுந்து எதையும் மாற்றவில்லை. நூற்கட்டுரையை நீக்கிப் படித்தாலும் மதுரை எரிந்தது எரிந்ததே. ழெரார் ழெனெத் சூழ்பனுவல் எனக் குறிக்கும் வகையில் அது அடங்கும். புதையல் வேட்டையோ வாயிலைக் கடந்து முற்றத்துள் நிற்கின்றது.

இரண்டாவது வேறுபாடு இன்னும் முதன்மையானது. நூற்கட்டுரை சுட்டும் மணிமேகலை உள்ளது. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். இடைப்பட்ட ஆறாண்டுகள் அச்சுலகக் காத்திருப்பே அன்றிப் படைப்புலகக் காத்திருப்பு அன்று. ‘பியாண்ட் குட் அண்ட் ஈவில்’ சுட்டும் தொடர்ச்சி இல்லை. உள்ள நூல் இல்லாத நூலுக்குப் பாயிரமாக்கப்படுகின்றது. அத்தொடர்ச்சி ஒருகால் வேறு வடிவில் வந்தாலோ வாராமலே கைவிடப்பட்டாலோ, மூலத்துள் வைக்கப்பட்ட சுட்டு எதனையும் சுட்டாது நிற்கும்.

காத்திருப்பின் வரலாறு

2008 மே மாதம் பாரிசில் நிறுவனம் நடத்திய விழாவில் தொடர்ச்சியின் முதல் முன்னோட்டம் காட்டப்பட்டது. பாலைவெளியில் பழுதான ஊர்தியருகே ஜேட்டும் பேய்ஜும் இருக்கும் காட்சி அது. கதை 2003இன் முடிவிலிருந்து முன்னோக்கிச் செல்லும் என்றே காண்போர் கொண்டனர். பின்னர் நெடுமௌனம். 2017 சூன் மாதம் அமெரிக்காவில் நிகழ்ந்த கண்காட்சியில் படைப்பு மீண்டும் அறிவிக்கப்பட்டபோது அது வேறொன்றாகி இருந்தது: ஜேட்டின் காலத்திற்கு முற்பட்ட முன்கதை, பல கோள்களிடையே பறந்து திரியும் பரந்த களம், கணேசா நகரம் எனப் பெயரிய, இந்தியச் சிற்பச் சாயல் கொண்ட மாநகரம். 2018இல் இளவயது ஜேட்டை முன்னோட்டம் ஒன்றில் காட்டினர்.

இந்திய வாசகர்க்கு அம்மாநகரம் தனியே ஆராயத்தக்கது. யானைமுகக் கடவுளின் பேருருவம் விண்கலங்களுக்கிடையே நிற்கும் அக்காட்சி, ஐரோப்பியக் கற்பனை கீழைநாட்டைக் காணும் பழைய முறையின் நீட்சியா, கலப்பினங்களின் விடுதலையைப் பேசும் புதிய முறையா என்பது படைப்பு முழுமை பெறாமல் முடிவு செய்யக்கூடியதன்று. இப்போதைக்கு அது ஒரு முகப்போவியம்.

ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் கூறும் எதிர்பார்ப்பு அடிவானம், வாசகர் முன்னர்ப் படித்தவற்றால் அமைவது. நெடுங்காத்திருப்பில் இக்கருத்து ஒரு திருத்தத்தை வேண்டுகின்றது. படித்தவை மட்டும் அல்ல, காட்டப்பட்டு வாராதவையும் அடிவானத்தை அமைக்கின்றன. 2008இன் பாலைவெளியை மனத்தில் வைத்திருப்போர் 2017இன் கணேசா நகரத்தைத் தொடர்ச்சியாக அல்ல, இடமாற்றமாகவே உணர்ந்தனர். ஒரே தலைப்பின்கீழ் இரு வேறு வாராத நூல்கள்.

காத்திருந்தோரைப் படைப்புக்குள் அழைக்கும் முயற்சியும் நிகழ்ந்தது. நடிகர் ஜோசஃப் கார்டன் லெவிட்டின் ‘ஹிட்ரெகார்ட்’ தளத்தின்வழிப் பொதுமக்கள் பாடல்களையும் ஓவியங்களையும் அனுப்பலாம். தேர்ந்தெடுக்கப்படுவனவற்றிற்குப் பணம் தரப்படும் என்றனர். தேர்வாகாத உழைப்புக்கு ஊதியம் இல்லை என்பதால் கலைஞர் பலர் இதனைக் கண்டித்தனர். ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது வாசகர்கள் எழுப்பிய வினாக்களுக்குக் கல்கி முடிவுரை எழுதி விடைகூறியதும், அக்கதையின் எச்சத்தை விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யாகத் தொடர்ந்ததும் தமிழ் வாசகர் அறிந்தவை. அங்கே எதிர்பார்ப்பு விடையையோ புதுநூலையோ பெற்றது. இங்கே எதிர்பார்ப்பு உழைப்பாக்கப்பட்டு, அவ்வுழைப்பின் பயனும் ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

1997இல் அறிவிக்கப்பட்டு 2011இல் வெளிவந்த ‘டியூக் நியூகெம் ஃபாரெவர்’ நெடுங்காலம் உருவாக்கத்தில் கிடந்த பெரும்படைப்பு எனப் பெயர் பெற்றிருந்தது. 2022இல் அக்கால அளவை ‘பியாண்ட்’ தொடர்ச்சி கடந்துவிட்டது. 2024ஆம் ஆண்டு மறுபதிப்பு வெளியானபோதும் தொடர்ச்சிக்கு வெளியீட்டு நாள் அறிவிக்கப்படவில்லை.

ஷென்மூ: சேர்க்காத மறுபதிப்பு

மறுபதிப்பும் காத்திருப்பும் எப்போதும் இவ்வாறே பிணைய வேண்டும் என்பதில்லை. ஜப்பானில் யூ சுசூகி உருவாக்கிய ‘ஷென்மூ’ 1999 டிசம்பரிலும் அதன் இரண்டாம் பகுதி 2001இலும் வெளிவந்தன. தந்தையைக் கொன்றவனைத் தேடிப் புறப்பட்ட இளைஞனின் கதை, குகையொன்றில் பாதியில் நின்றது. 2015இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி அறிவிக்கப்பட, ஏறத்தாழ 69,000 பேர் 63 இலட்சம் டாலருக்கு மேல் அளித்தனர். 2018 ஆகஸ்டில் முதலிரு பகுதிகளும் ஒன்றாக மறுபதிப்புப் பெற்றன. 2019 நவம்பரில் மூன்றாம் பகுதி வெளிவந்தது.

2018ஆம் ஆண்டு மறுபதிப்பு கதையில் எதையும் புகுத்தவில்லை. பதினேழு ஆண்டுப் பழமையான நடையும் தடுமாற்றமும் அப்படியே இருந்தன. அதனைக் குறையாகச் சொன்னோரும் உளர். பதிப்பியல் நோக்கில் அதுவே அதன் நிறை. மூன்றாம் பகுதியை எதிர்நோக்கியவர் பழைய பகுதிகளைப் பழையனவாகவே படித்துச் சென்றனர். மூன்றாம் பகுதியும் கதையை முடிக்கவில்லை என்பது வேறு செய்தி. ஆனால் அம்முடிவின்மை முந்தைய பனுவல்களுக்குள் பின்னோக்கி எழுதப்படவில்லை.

எந்தப் பதிப்பு என்னும் வினா

இவற்றால் ஆய்வாளர்க்கு நேரும் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. இனி ‘பியாண்ட் குட் அண்ட் ஈவில்’ பற்றி எழுதுவோர் எதனைக் கையில் வைத்து எழுதுவர்? 2003ஆம் ஆண்டுக் குறுவட்டுகளை இயக்கப் பழைய கருவிகள் வேண்டும். அவை பழுதாகி வருகின்றன. எளிதிற் கிடைப்பது எப்போதும் இறுதிப் பதிப்பே. சிலப்பதிகார ஆய்வில் எந்தப் பதிப்பு என்பதைக் குறிக்காத மேற்கோளை எந்த நெறியாளரும் ஏற்பதில்லை. விளையாட்டாய்வில் படைப்பின் பெயரும் முதல் வெளியீட்டு ஆண்டும் மட்டுமே குறிக்கப்படுவது இன்னும் வழக்கமாக உள்ளது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பை ஆடி, ஜேட்டின் பிறப்பு பற்றி எழுதி, அதனை 2003 என்று குறித்தால், இருபத்தோராண்டு இடைவெளி ஒரு வரியில் மறைந்துவிடும். வெளியீட்டு ஆண்டு, இயங்குகருவி, இற்றைப்படுத்தல் எண் ஆகிய மூன்றையும் குறித்தல் குறைந்த அளவு ஒழுக்கமாகும். இணையவழி வரும் திருத்தங்கள் அறிவிப்பின்றியும் பனுவலை மாற்றக்கூடும் ஆதலின் ஆடிய நாளையும் சேர்த்தல் நலம். ‘வெண்பா’ போன்ற படைப்புகளைத் தமிழ்த்துறைகள் ஆய்வுக்கு எடுக்குங்கால் இவ்வொழுக்கம் தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும்.

2024ஆம் ஆண்டுப் பதிப்பின் காட்சிக்கூடம் இவ்வகையில் ஒரு நற்பணி செய்துள்ளது. முன்வடிவங்களையும் உருவாக்கக் குறிப்புகளையும் அது காக்கின்றது. பதிப்புரை எழுத அதனினும் பொருத்தமான இடம் இல்லை. அங்கேயே, இன்ன பகுதி இவ்வாண்டில் சேர்க்கப்பட்டது என ஒரு குறிப்பும், சேர்க்கையை விலக்கி ஆடுவதற்கு ஒரு தெரிவும் தரப்பட்டிருப்பின் மிகைப்பாடல் மரபுக்கு நிகரான முறை அமைந்திருக்கும். விரைந்து ஆடுவோர்க்குத் தனிமுறை வகுத்த பதிப்பில், மூலம் ஆட விரும்புவோர்க்கு ஒன்று வகுத்தல் செயலளவில் அரியதன்று.

எஞ்சுவது பேய்ஜின் கை. ஜேட்டின் பிறப்பு என்னும் பின்னோக்கிய வெற்றிடத்தை நிரப்பப் புதையல் வேட்டையும் முன்கதையும் முயல்கின்றன. பெயர்ப்பட்டியலுக்குப் பின் முளைத்த வித்து என்னவாயிற்று என்பதை, ஜேட்டுக்கு முந்தைய காலத்தைப் பேசும் படைப்பால் கூறவே இயலாது. 2008ஆம் ஆண்டு முன்னோட்டம் தரத்தொடங்கிய விடை அதுவே. 2017இல் கைவிடப்பட்டதும் அதுவே. அறிவிக்கப்பட்ட தொடர்ச்சி நாளையே வெளிவந்தாலும், 2003இல் இறுதிக்காட்சியைக் கண்டு வினவியவர்க்கு அது விடையாகாது. அவர் காத்திருக்கும் நூல் இதுவரை அறிவிக்கப்படவே இல்லை.